செஸ் மாஸ்டருக்குப் பாராட்டு விழா: முதல் பேச்சிலிருந்து மறுவாரக் கணக்கு வரை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் சதுரங்கக் கழகம் என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான். சனிக்கிழமை காலையில் மண்டபச் சாவியோடு வருபவர் அவர். மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போகிறவரும் அவரே. அவருக்கு ஒரு விழா எடுக்கலாம் என்று பேச்சு கிளம்பியதும் என்ன நடக்கிறது? ஒருவர் மண்டபத்தைப் பதிவு செய்கிறார், இன்னொருவர் தொகுதி மக்கள் பிரதிநிதியான ஒய்.பி.யிடம் தேதி கேட்கிறார். வரிசை அங்கேயே தவறிவிடுகிறது.

இப்படிப்பட்ட மூன்று விழாக்களில் நான் வேலை செய்திருக்கிறேன். முதலாவது சொதப்பல், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதுதான் விழா எடுத்தது போல் இருந்தது. கீழே உள்ள வரிசை அந்த மூன்றாவதில் பின்பற்றியது. குறைந்தது 4 மாதம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அதில் பாதி, இரண்டாம் மூன்றாம் படிகளுக்கே போய்விடும்.

1. முதலில் அவரிடமே கேளுங்கள்

திடீர் விழா வேண்டாம். எங்கள் முதல் விழாவை அப்படித்தான் செய்தோம். "மீட்டிங் இருக்கு, வாங்க மாஸ்டர்" என்று கூப்பிட்டோம். அவர் தோட்டத்து வீட்டிலிருந்து கால்சட்டையும் சிலிப்பருமாக மோட்டாரில் வந்து இறங்கினார். உள்ளே நுழைந்ததும் கழுத்தில் மாலை விழுந்தது. அன்று எடுத்த எல்லாப் படங்களிலும் அவர் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்து மறைத்தபடியே உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவிக்கு யாருமே சொல்லவில்லை என்பது மறுநாள்தான் எங்களுக்கு உறைத்தது.

கேட்கப் போவது இரண்டு பேராக இருக்கட்டும்: ஒருவர் பழைய மாணவர், மற்றவர் அவர் வயதொத்தவர். தொலைபேசியில் கேட்காதீர்கள், சாயங்காலம் தேநீர் நேரத்தில் வீட்டுக்கே போங்கள். முதல் பதில் எங்கும் ஒன்றுதான்: "எனக்கெதுக்குய்யா இதெல்லாம்? அந்தக் காசுல பிள்ளைங்களுக்கு ரெண்டு போர்டு வாங்குங்க." இதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது வாக்கியத்தைக் குறித்து வையுங்கள், நான்காம் படியில் அது உதவும். ஒரு வாரம் விட்டு மறுபடியும் போங்கள்.

அந்த இரண்டாவது சந்திப்பில் தெரிந்துகொள்ள வேண்டியவை: யார் கட்டாயம் வரவேண்டும், யாரோடு மேடையில் உட்கார அவருக்குச் சங்கடம், அவர் பேச விரும்புகிறாரா, எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார முடியும். கடைசிக் கேள்வியை அவரிடம் கேட்காமல் அவர் மனைவியிடம் கேளுங்கள். "அவரு ஒன்னும் இல்லைன்னுதான் சொல்வாரு. ஒரு மணி நேரத்துக்கு மேல முட்டி தாங்காது. சக்கரை மாத்திரை பன்னெண்டரைக்குப் போடணும்" என்று எங்களுக்கு விவரம் சொன்னவர் அந்த அம்மாதான். நிகழ்ச்சி நிரல் முழுவதையும் அந்தப் பன்னிரண்டரையைச் சுற்றித்தான் போட்டோம்.

2. சிறிய குழு, எழுதி வைத்த தீர்மானம்

ஐந்து பேர் போதும். கழகச் செயலாளர், பொருளாளர், ஒரு பழைய மாணவர், இப்போது படிக்கும் பிள்ளையின் தாயோ தந்தையோ ஒருவர், மாஸ்டரின் குடும்பத்திலிருந்து ஒருவர். பதினைந்து பேர் குழுவில் எல்லாரும் பேசுவார்கள், பந்தலுக்குச் சொல்ல ஆள் இருக்காது.

கழகம் பதிவு பெற்றதா என்று இப்போதே பாருங்கள். 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்கீழ் சங்கப் பதிவு இலாகாவில் பதிந்திருக்கலாம். 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையரிடம் பதிந்திருக்கலாம். இரண்டிலும் கழகத்துக்கு ஓர் அமைப்புச் சட்டம் இருக்கும். "ஆயுட்கால கௌரவ உறுப்பினர்" என்ற தகுதியை மேடையில் அறிவிக்க நினைத்தால் அந்த அமைப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் திருத்தம். மேடையில் அறிவித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அடுத்த ஆண்டு புதுச் செயலாளர் அவரிடமே சந்தா கேட்டுக் கடிதம் அனுப்புவார். எங்கள் பக்கத்தில் இது நடந்தே விட்டது.

வகுப்பு தமிழ்ப்பள்ளியில் நடக்கிறது என்றால் தலைமையாசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் கடிதம் கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் போதும்.

3. சேவைக் கணக்கை எழுதுங்கள்

முழு வேலையின் முதுகெலும்பு இதுதான். ஆனால் இதற்குத்தான் யாரும் முன்வர மாட்டார்கள். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்பார்கள். உட்கார்ந்து கேட்டால் ஒருவர் 1991 என்பார், இன்னொருவர் 1994 என்பார்; முதல் வகுப்பு கோயில் மண்டபத்தில் என்பார் ஒருவர், லயத்து வீட்டு ஐந்தடியில் (வாசல் தாழ்வாரத்தில்) என்பார் மற்றவர்.

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: ஆண்டு, இடம், என்ன செய்தார், எதை வைத்துச் சொல்கிறோம். நான்காவது பத்தி காலியாக இருக்கும் எந்த வரியும் மேடைக்குப் போகக்கூடாது. ஒரு தாள் ஆதாரம் இருக்க வேண்டும், அல்லது தனித்தனியாகக் கேட்ட இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் வைத்துக்கொண்ட விதி அதுதான்.

எங்கே தேடுவது? முதலில் அவர் வீட்டு அலமாரி. எங்கள் மாஸ்டர் பழைய பயிற்சிப் புத்தகங்களில் வருகைப் பதிவு எழுதி வைத்திருந்தார். சில பெயர்களுக்கு எதிரே சிறிய எழுத்தில் "பஸ் காசு கொடுத்தது" என்று இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்தோம், பெயர்களை மறைத்தோம், சேவைக் கணக்கின் நடுவே சேர்த்தோம். அதற்கு மேல் அவரைப் புகழ வேண்டிய வேலை எங்களுக்கு இருக்கவில்லை.

அடுத்து பள்ளி இதழ்கள், பழைய சான்றிதழ்கள், பொதுக்கூட்டக் குறிப்புகள். மாவட்ட, மாநிலப் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளின் அணிப் பட்டியல் யாராவது ஓர் ஆசிரியரின் கோப்பில் கிடக்கும். அண்மை ஆண்டுகளுக்கு செஸ்-ரிசல்ட்ஸ் இணையத்தளம் உதவும். சுவிஸ் மேனேஜர் மென்பொருளில் நடத்திய போட்டிகளின் முடிவுகள் அங்கே ஏறியிருக்கும். மாணவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரே பெயரை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள், தந்தை பெயரோடும் இல்லாமலும் தேட வேண்டிவரும்.

பட்டங்களில் கவனம். ஊரில் எல்லாரும் அவரை "மாஸ்டர்" என்று கூப்பிடுகிறோம். அறிவிப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டு "நம் மண்ணின் இன்டர்நேஷனல் மாஸ்டர்" என்று முழங்கிவிட்டார் ஒருமுறை. மாஸ்டருக்கு முகம் சிவந்துபோனது. இன்டர்நேஷனல் மாஸ்டர் என்பது 2400 ரேட்டிங்கோடு (ஆட்டத் தரப் புள்ளி) "நார்ம்" எனும் போட்டித் தகுதிகளையும் பெற்றவருக்கு அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே கொடுக்கும் பட்டம். பயிற்றுநர்களுக்கென்று ஃபிடே தனியாகவும் பட்டங்கள் வைத்திருக்கிறது. தொடக்க நிலைப் பயிற்றுநரான டி.ஐ.யில் தொடங்கி மூத்த பயிற்றுநரான எஃப்.எஸ்.டி. வரை ஐந்து படிகள். அவருக்கு எது உண்டு, எது இல்லை என்பதை ஃபிடே இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்து எழுதுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் எழுத வேண்டாம்.

ரேட்டிங்கை எழுதும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. 2024 மார்ச்சில் 2000க்குக் கீழ் இருந்த ஸ்டாண்டர்ட் (நீண்ட நேர ஆட்டத்துக்கான) ரேட்டிங்குகளை ஃபிடே ஒருமுறை உயர்த்திக் கொடுத்தது. 1600 வைத்திருந்தவர் ஒரே நாளில் 1760 ஆனார். அதைத் தெரியாமல் "அவரிடம் பயின்ற மாணவர் ஒரே மாதத்தில் 160 புள்ளி ஏறினார்" என்று எழுதினால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

கூடவே ஒரு சங்கடமான வேலை. பிள்ளைகளோடு பல ஆண்டுகள் பழகிய ஒருவரை ஊர் முன்னால் நிறுத்துகிறோம். பெற்றோர் யாருக்காவது மனக்குறை உண்டா என்று குழுவில் இருக்கும் ஒரு தாய் அமைதியாக விசாரிக்கட்டும். பெரும்பாலும் "சத்தம் போடுவாரு, அவ்வளவுதான்" என்பதோடு முடியும். பெரிதாக ஏதாவது வந்தால் விழாப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அதைக் குழு தனக்குள் பேசித் தீர்க்கக்கூடாது. உரிய இடத்தில் புகாராகப் போக வேண்டும். இதைச் செய்வது அவர்மேல் சந்தேகத்தால் இல்லை. யாருக்கு விழா எடுத்தாலும் இதைக் கேட்கிறோம் என்று வழக்கமாக்கிவிட்டால் யாருக்கும் புண்படாது.

4. எந்த மாதிரி மரியாதை

கணக்கு கையில் வந்தபிறகுதான் இதை முடிவு செய்ய வேண்டும். அவர் செய்தது என்ன என்று தெரிந்தால்தான் எது பொருந்தும் என்று தெரியும். கையில் கொடுக்க ஒன்று, நிலைத்து நிற்க ஒன்று, ஆக இரண்டு போதும் என்பது என் அபிப்பிராயம்.

கையில் கொடுப்பது ஒரு பொன்னாடை, ஒரு நினைவுச் சின்னம். பொன்னாடை ஒன்றே ஒன்று, கழகத்தின் சார்பில். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஊரில் உள்ள ஒவ்வோர் அமைப்பும் ஒரு துண்டோடு வரிசையில் நிற்கும். எங்கள் இரண்டாவது விழாவில் பதினேழு பொன்னாடை. ஒன்றைப் போர்த்த, அதை எடுக்க, படம் பிடிக்க, அடுத்தவரைக் கூப்பிட என்று முக்கால் மணி நேரம் ஓடியது. வியர்வையில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார் பெரியவர். மூன்றாவது விழாவின் அழைப்பிதழில் "பொன்னாடைக்குப் பதில் பிள்ளைகளின் போட்டிக் கட்டண நிதிக்குத் தரலாம்" என்று ஒரு வரி போட்டோம். அவர் சொன்ன "ரெண்டு போர்டு வாங்குங்க" என்பதற்கும் அதுவே பதிலானது.

நிலைத்து நிற்பதற்குப் பல வழி. ஆயுட்கால உறுப்பினர் தகுதி, அவர் பெயரில் 12 வயதுக்குட்பட்டோர் கிண்ணம், நிதி, கழகத்துக்கு அவர் பெயரில் தரமான காய்களும் கடிகாரங்களும். காய் வாங்குவதென்றால் ராஜா ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர் உயரம், கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர் என்ற போட்டி அளவிலேயே வாங்குங்கள். கண்ணாடியிலும் பளிங்கிலும் செய்த அலங்காரப் போர்டு வேண்டாம். அது கூடத்து அலமாரியில் தூசி பிடிக்கும், ஒரு பிள்ளையும் அதில் ஆடாது.

அவருக்கு வாரிசாக வகுப்பெடுக்கும் இளைஞர் இருந்தால், அவரை ஃபிடே பயிற்றுநர் வகுப்புக்கு அனுப்பும் செலவைக் கழகம் ஏற்பதும் நல்ல மரியாதைதான். மாஸ்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் செய்தால் "என்னை ஓய்வெடுக்கச் சொல்றாங்க" என்று நினைத்துக்கொள்வார்.

5. பணம்

கழகத்தின் வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. கைப்பேசியில் பணம் செலுத்தும் டுவிட்நவ் கியூ.ஆர். வைப்பதென்றால் அதுவும் கழகக் கணக்குக்கே. யாருடைய சொந்தக் கணக்கையும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள். நல்ல மனிதர்தான், ஆனால் ஆறு மாதம் கழித்து அவர் பெயர்தான் அடிபடும். மீதிப் பணம் எங்கே போகும் என்பதை வசூல் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தாலும் ரசீது.

6. தேதியும் மண்டபமும்

ஜூலை 20 அனைத்துலகச் சதுரங்க நாள். 1924இல் பாரிசில் ஃபிடே தொடங்கப்பட்ட நாள் அது. நமக்கு அது ஆடி மாதத் தொடக்கத்தில் விழுகிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும். "ஆடியில் நல்ல காரியமா?" என்று ஒரு பெரியவர் முணுமுணுப்பார். மாஸ்டரின் வீட்டில் அதைப் பார்ப்பவர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பார்ப்பவர்கள் என்றால் விட்டுவிடுங்கள். கோயில் மண்டபம் என்றால் இன்னொன்று: ஆடித் திருவிழாவும் தீமிதியும் அந்த வாரத்தில் இருக்கிறதா என்று கோயிலில் கேளுங்கள். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் ஆட்டத்தில் மனம் வைக்க முடியாது.

தவிர்க்க வேண்டியவை: மாவட்டப் பள்ளிப் போட்டி வாரம், இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். காலம், நோன்பு மாதம். மாஸ்டரிடம் படித்த மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களும் வந்து சாப்பிட வேண்டும். சைவச் சாப்பாடாக வைத்துவிட்டால் பாதித் தலைவலி குறையும். மலாய்க் குடும்பங்களுக்காகச் சமையல்காரர் ஹலால் விஷயத்தில் சரியானவரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. பழைய மாணவர்கள்

புலனக் குழுவில் அழைப்பிதழைப் போட்டால் எண்பது பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், பதினொரு பேர் வருவார்கள். கூப்பிட்டுப் பேசுங்கள். சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கும் கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கும் தேதியை இரண்டு மாதம் முன்பே சொன்னால்தான் விடுப்பு எடுக்க முடியும்.

பேசும்போது "மாஸ்டரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். "நல்லவரு, வல்லவரு" என்றுதான் வரும். "அவர்கிட்ட தோத்த ஆட்டம் ஒன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கதை தானாக வரும். ஒரு மாணவி, இப்போது தாதியாக இருக்கிறார், சொன்னார்: ஆட்டம் தோற்று அழுதபோது மாஸ்டர் ஆறுதல் சொல்லவில்லையாம், அதே நிலையில் காய்களை மறுபடி அடுக்கி "எங்க தப்பு, காட்டு" என்றாராம். இதை அப்படியே எழுதி வாங்கிக்கொண்டோம்.

8. அச்சுக்குப் போகும் முன்

அதிகத் தவறு நடக்கும் இடம் இது. நான் கண்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

உயிரோடு இருப்பவர் பெயரில் கிண்ணம் என்றால் "நினைவு" என்ற சொல் வரவே கூடாது. அச்சகத்தில் பழைய மாதிரியை எடுத்து, பெயரை மாற்றி, "நினைவுக் கிண்ணம்" என்று பெரிய பேனரே அடித்து வைத்திருந்தார்கள். விழாவுக்கு முதல் நாள் இரவு அதைப் பார்த்தோம். வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்தோம், காலை வெயிலில் எழுத்து உள்ளிருந்து தெரிந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் சுவரோடு விழா நடந்தது.

எழுத்துரு அடுத்த தலைவலி. நாம் யூனிகோடில் தட்டிய தமிழைக் கடைக்காரர் பாமினி எழுத்துருவுக்கு மாற்றினால் கூட்டெழுத்தெல்லாம் குதறிப்போகும். செதுக்கும் இயந்திரத்தின் மென்பொருள் பழையதாக இருந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். எழுத்தாக அனுப்பாமல், எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய பி.டி.எஃப். கோப்பாக அனுப்புங்கள். மாதிரியைக் கைப்பேசியில் பார்த்துத் தலையாட்டாதீர்கள். தாளில் அச்சிட்டு, கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் படியுங்கள். நேராகப் படித்தால் மூளை தானே திருத்திக்கொண்டு போய்விடும்.

பெயர். அதிகாரப் பத்திரங்களுக்கு அடையாள அட்டையில் உள்ளபடி. நினைவுச் சின்னத்துக்கு அவர் தமிழில் கையெழுத்துப் போடுவது எப்படியோ அப்படி. தந்தை பெயரின் முதலெழுத்து "ம." என்றா "எம்." என்றா என்பதை அவரே எழுதித் தரட்டும்.

சதுரங்கப் படம். இணையத்தில் கிடைக்கும் அலங்காரப் படங்களில் பாதி தப்பு. ஆடுபவரின் வலது கை ஓரத்துக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்திலும் கறுப்பு ராணி கறுப்புக் கட்டத்திலும் நிற்க வேண்டும். இருபது வருடம் இதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கையில் போர்டு திரும்பிய கேடயத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, வாங்கிக்கொள்வார். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைக் காட்ட மாட்டார். பொதுப் படத்துக்குப் பதில் அவருடைய ஆட்டம் ஒன்றின் கடைசி நிலையைப் போடலாம். நகர்த்தல் தாளை வைத்து இரண்டு பேர் தனித்தனியாகப் போர்டில் ஆடிப் பார்த்து, இருவருக்கும் ஒரே நிலை வந்தால் மட்டும் அச்சுக்கு.

மொழிபெயர்ப்பு. நிகழ்ச்சி நிரலைத் தமிழிலும் மலாயிலும் போட்டோம். ஒரு மாணவர் "யானையைக் கொடுத்து ஆட்டத்தை முடிக்கச் சொன்னார்" என்று எழுதியிருந்தார். மலாயில் அது அப்படியே யானை என்று பொருள்படும் "காஜா" ஆகிவிட்டது. நமக்கு மூலையில் நிற்பது யானை. மலாய்ச் சதுரங்கத்தில் "காஜா" என்பது நாம் மந்திரி என்கிற காய். மூலைக்காய்க்கு அவர்கள் சொல்வது "பெந்தெங்", பழைய வழக்கில் "தீர்". பக்கத்தில் போட்டிருந்த படத்தையும் வரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மலாய் ஆசிரியர் ஒருவர் எங்களிடம் வந்து கேட்டார். சதுரங்கம் தெரிந்த ஒருவர் இரண்டு மொழியையும் பார்த்தபிறகே அச்சுக்கு விடுங்கள்.

பிள்ளைகள் இருக்கும் படங்களைப் பேனரிலோ மலரிலோ போடுவதற்குப் பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள்.

9. அன்றைய வரிசை

போட்டியோடு சேர்த்து வைக்கலாம், அல்லது மாஸ்டர் ஒரே நேரத்தில் பலரோடு ஆடும் சைமல் வைக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் ஒன்று கெடும்.

போட்டி என்றால் 10 நிமிடமும் நகர்த்தலுக்கு 5 விநாடியும் வையுங்கள். 60 நகர்த்தல் ஆட்டமானாலும் அரை மணி நேரத்தில் முடியும். 32 பேர் வரை 5 சுற்று போதும். காலை 9 மணிக்குத் தொடங்கி மூன்று சுற்று, 11.15க்குப் பாராட்டு, 12.15க்குச் சாப்பாடு, 1.30க்கு மீதி இரண்டு சுற்று, கடைசியில் பரிசு. பாராட்டைப் பரிசளிப்புக்குப் பின்னால் வைத்துவிடாதீர்கள். தோற்ற பிள்ளையை அழைத்துக்கொண்டு பெற்றோர் கிளம்பிவிடுவார்கள், காலி நாற்காலிகள் முன்னால் பேச வேண்டிவரும்.

சைமல் என்றால் மேசைகளை ப வடிவில் போட்டு, மாஸ்டர் உள்பக்கம் நடக்க வேண்டும். எல்லாப் போர்டிலும் அவருக்கு வெள்ளைக் காய். அவர் தன் மேசைக்கு வந்து நிற்கும்போதுதான் எதிராளி நகர்த்தலாம். ஒவ்வொருவரும் மூன்று முறை "பாஸ்" (இந்த முறை என்னைத் தாண்டிப் போங்கள்) சொல்லிக்கொள்ளலாம் என்று வைப்போம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 20 போர்டு, ஆட்டத்துக்கு 40 நகர்த்தல் என்றால் அவர் 800 முறை நின்று நின்று யோசிக்க வேண்டும். முட்டி வலிக்காரரை அப்படி வதைக்கக்கூடாது. நாங்கள் 8 போர்டு போட்டு, பள்ளி அலுவலகத்திலிருந்து சக்கரம் வைத்த நாற்காலியைக் கொண்டுவந்தோம். காலால் உந்தி உந்திச் சுற்றி வந்தார், பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கை. பாதி பழைய மாணவர், பாதி இப்போதையவர். தோற்றுப் போகும்படி யாரிடமும் சொல்லாதீர்கள், அவருக்கு இரண்டு நகர்த்தலில் தெரிந்துவிடும். ஆண்டு 5 மாணவன் ஒருவன் அவரைச் சமன் செய்தான். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

பிரமுகர்கள். ஒய்.பி. வந்தால் மகிழ்ச்சி. ஐந்து நிமிடப் பேச்சு, முன் வரிசை நாற்காலி. அவர் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் தொடங்குவோம் என்று அவருடைய உதவியாளரிடம் முன்பே பணிவாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் இரண்டாவது விழாவில், விழா நாயகரே மாலையோடு வாசலில் நின்று பிரமுகருக்காக ஐம்பது நிமிடம் காத்திருந்தார். அவரை உள்ளே உட்கார வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வரவேற்க வேறு ஆள் போடுங்கள், மாஸ்டர் உட்கார்ந்தே இருக்கட்டும்.

மேடை வரிசை எங்களுக்கு இப்படி ஒத்துவந்தது: தமிழ் வாழ்த்து, சேவைக் கணக்கு வாசிப்பு 6 நிமிடம், மூன்று பழைய மாணவர்கள் தலைக்கு 3 நிமிடம், பொன்னாடை, நினைவுச் சின்னம், மாஸ்டர் பேச்சு, கடைசியில்தான் விருந்தினர். மாஸ்டரைக் கடைசியில் விட்டால் அவர் களைத்திருப்பார், கூட்டத்துக்குப் பசி. பேசும்போது உட்கார்ந்து பேசட்டும், கையில் பிடிக்கும் ஒலிவாங்கி கொடுங்கள்.

மாஸ்டரின் மனைவியைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்து, தனியாக ஒரு மரியாதை செய்யுங்கள். சனிக்கிழமை தோறும் அந்த வீட்டு ஐந்தடியில் மைலோ கலக்கிக் கொடுத்தவர் அவர். "துணைவியார்" என்ற ஒரு சொல்லோடு நகர்ந்துவிடுகிற அறிவிப்பாளர்கள் உண்டு, ஆகவே பெயரைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

10. மறுவாரம்

முதல் விழா முடிந்த அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு நான்கே பிள்ளைகள் வந்தார்கள். விசாரித்தால், "மாஸ்டர்தான் நிறுத்திட்டாரே, பிரியாவிடை எல்லாம் வச்சாங்களே" என்றார்கள் பெற்றோர். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அந்த நான்கு பேருக்கும் குதிரை நகர்வு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதனால் மேடையிலேயே, நன்றியுரைக்கு முன், "வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு வழக்கம்போல் வகுப்பு" என்று அறிவியுங்கள். நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்திலும் அச்சிடுங்கள். அவர் உண்மையிலேயே ஓய்வு பெறுகிறார் என்றால், அடுத்து வகுப்பெடுப்பவரைப் பெயர் சொல்லி, மண்டபச் சாவியை மாஸ்டர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

ஒரு வாரத்துக்குள் வரவு செலவைக் குழுவில் போடுங்கள். படங்களை இணைய இணைப்பாக அனுப்பாமல் அச்சிட்ட ஆல்பமாக அவர் வீட்டில் கொடுங்கள். சேவைக் கணக்கில் ஒரு பிரதி அவருக்கு, ஒன்று கழகக் கோப்புக்கு, ஒன்று பள்ளி நூலகத்துக்கு. கிண்ணம் அறிவித்திருந்தால் அடுத்த ஆண்டுத் தேதியை இப்போதே நாட்காட்டியில் எழுதுங்கள். அறிவித்த கிண்ணங்களில் பல, இரண்டாம் ஆண்டைப் பார்ப்பதில்லை.

கடைசியாக ஒன்று: மண்டபத்தைப் பூட்டும் முன் காய்களை எண்ணுங்கள். 8 போர்டு என்றால் 256. நாங்கள் எண்ணவில்லை. மறுவாரம் மாஸ்டர் எட்டரைக்கே வந்து பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வெள்ளைச் சிப்பாய் குறையுதே. விழா அன்னிக்கு எவன் பாக்கெட்டுல போட்டுட்டுப் போனான்?" என்றபடி, ஒரு பாட்டில் மூடியைத் துடைத்து அந்தக் கட்டத்தில் வைத்தார்.